முழங்கை அளவுத் துப்பாக்கி

1

புதிய அட்டை போன வாரம் தபாலில் வந்தது. துப்பாக்கி வைத்துக்கொள்ள எனக்கு அனுமதி உண்டு என்று கனடா அரசாங்கம் கொடுக்கிற அட்டை. ஏ.டி.எம். கார்டு அளவுதான் இருக்கும். அதில் என் புகைப்படம், அரைத் தூக்கத்தில் எழுப்பி நிற்க வைத்த மாதிரி. ஐந்து வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். இது என்னுடைய இரண்டாவது அட்டை.

என் கணவர் சேகர் எதையும் முறையாகச் செய்கிற மனிதர். இங்கே ஆஸ்பத்திரி ஒன்றின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. உறையைப் பிரித்ததுமே கத்திரிக்கோலை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

"இன்னா செல்வி, பழசு எங்க? புதுசு வந்துட்டா பழசை வெட்டிப் போட்றணும். எவன் கையிலயாவது சிக்கினா பேஜாரு."

"அது இங்க இல்லீங்க."

"தொலைச்சிட்டியா?"

"தொலைக்கல. கெடார்ல இருக்குது."

அவருக்கு அப்போதுதான் நினைவு வந்தது. சிரித்துக்கொண்டே கத்திரிக்கோலை இழுப்பறையில் போட்டார். அந்தப் பழைய அட்டை ஏன் விழுப்புரத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கிறது என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம். கெடாரில் பிறந்து, தினமும் இரண்டு பஸ் மாறித் திண்டிவனம் போய் பி.எஸ்சி. முடித்து, அப்புறம் நிலவியல் படித்தவள். சேகருக்குத் திண்டிவனம். கல்யாணமாகி இங்கே வந்து பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. இருப்பது கனடாவின் மேற்கே, வடக்குப் பக்கமாக ஒரு சின்ன நகரம். நான் வேலை செய்யும் நிறுவனம் சுரங்கம் வரப்போகிற இடங்களில் ஆற்று நீரையும் மண்ணையும் எடுத்துச் சோதிக்கிறது. கோடைக்காலம் முழுவதும் காட்டு வேலை. ஹெலிகாப்டர் எங்களை ஓர் ஓடைக் கரையில் இறக்கிவிட்டுப் போய்விடும், மாலையில்தான் திரும்பி வரும். நடுவில் எங்களோடு இருப்பவை கொசுவும் கரடியும்.

இந்த நாட்டுக்கு வந்ததில் எனக்கு நேர்ந்த முதல் மாற்றம் என் பெயர். பாஸ்போர்ட் எடுக்கும்போது குடும்பப் பெயர் என்ற கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்று ஏஜென்ட் அப்பாவின் பெயரை அதில் எழுதினார். நம் ஊரில் முன்னால் ஒற்றை எழுத்தாக நின்ற மனிதர் இங்கே முழுசாக வந்து உட்கார்ந்துவிட்டார். வங்கியில் நான் ஏழுமலை. வேலையில் நான் ஏழுமலை, அதுவும் ழகரம் வராமல் 'எலுமலை'. மகளைப் பெற்றெடுக்கும்போது தாதி என் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் முக்குங்கள், மிஸஸ் எலுமலை" என்றாள். வலியோடு வலியாக எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த நிலைமையில் கெடாரில் இருக்கிற அப்பாவை எதற்குக் கூப்பிடுகிறார்கள் என்று.

2

காட்டுக்குப் போகும் ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் துப்பாக்கி ஏந்த வேண்டும். எங்கள் நிறுவனத்தில் அந்த ஒருவர்தான் குழுத் தலைவர். யார் எங்கே நிற்பது, எப்போது கிளம்புவது, எந்த ஓடையை விட்டுவிடுவது எல்லாம் அவர் முடிவு. ஏழு கோடை நான் மற்றவர் துப்பாக்கிக்குப் பின்னால் நடந்தேன். என்னைவிட இளையவர்கள், நான் வேலை கற்றுக்கொடுத்தவர்கள், முன்னால் நடந்தார்கள்.

ஒரு மார்ச் மாதம் மேலாளர் டக் என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர், உருவத்தில் கதவை அடைக்கிற மாதிரி இருப்பார்.

"எலுமலை, ஒரு குழு உனக்குத் தரலாம் என்று இருக்கிறேன். உரிமம் எடு, சுடும் தேர்வில் தேறு. வேண்டாம் என்றால் சொல்லிவிடு, ஆய்வகத்தில் ஓர் இடம் இருக்கிறது."

ஆய்வகத்தில் இருக்கிற இடம் என்ன என்று எனக்குத் தெரியும். மற்றவர்கள் கொண்டுவரும் புட்டிகளுக்கு லேபிள் ஒட்டுகிற இடம். நான் மலையேறவும் ஆற்றில் இறங்கவும் படித்தவள், ஒட்டுவதற்கு அல்ல. உரிமம் எடுக்கிறேன் என்று அங்கேயே சொல்லிவிட்டேன்.

விண்ணப்பத்தில் அவர்கள் கேட்காத கேள்வி இல்லை. சமீபத்தில் மணமுறிவு உண்டா, வேலை போனதா, கடனில் நொடித்தீர்களா, மனம் சோர்ந்து வைத்தியம் பார்த்தீர்களா. உங்களைத் தெரிந்தவர் இருவர் பெயர் கொடுங்கள். கடைசியாக, கணவரோ மனைவியோ கையெழுத்துப் போட ஓர் இடம்.

சேகர் பேனாவைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். "அப்ப நான் கையெழுத்துப் போடலன்னா உனக்குத் துப்பாக்கி கெடையாதா?"

"போடலன்னா அவங்களே உங்களுக்கு போன் பண்ணி இன்னா பிரச்னைன்னு கேப்பாங்க."

"கேட்டா இன்னா சொல்றது? சாம்பார்ல உப்பு ஜாஸ்தின்னா?" என்றவர் கையெழுத்தைப் போட்டுவிட்டு, "இனிமே உப்பைப் பத்தியும் பேச மாட்டேன்" என்றார்.

என் மாமியார் திண்டிவனத்திலிருந்து போனில் பேசும்போது, "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கும்மா துப்பாக்கி? போலீஸ்காரன் கூட அதைத் தூக்கிக்கினு சும்மாத்தான நிக்கிறான்" என்றார்.

வீட்டில் பெரிய எதிர்ப்பு வேறு இடத்திலிருந்து வந்தது. மகள் இலக்கியாவுக்கு அப்போது எட்டு வயது. இங்கே பள்ளிக்கூடத்தில் துப்பாக்கியோடு யாராவது நுழைந்தால் எப்படி விளக்கணைத்து மேசைக்கடியில் ஒளிவது என்று குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். துப்பாக்கி என்றால் அவளுக்கு அந்த இருட்டு வகுப்பறை. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் ஆங்கிலத்தில் கேட்டாள்: "அந்தக் கரடி வீட்டுக்கு நீதானே போகிறாய்? அது உன் வீட்டுக்கு வரவில்லையே?"

தமிழில் கேட்டிருந்தால் ஏதாவது அதட்டியிருப்பேன். ஆங்கிலத்தில் அவளிடம் எனக்கு அதட்ட வராது. "சுட மாட்டேன், சுட வேண்டி வராத மாதிரி பார்த்துக்கொள்வேன்" என்றேன். "அப்புறம் எதற்கு வாங்குகிறாய்?" என்றாள். பிள்ளைகள் நம்மை விட்டு விலகுவதைப் பற்றி எல்லாரும் எழுதுகிறார்கள். விலகிப் போய் எதிரில் நின்றுகொண்டு இப்படிச் சரியான கேள்வி கேட்பதைப் பற்றி யாராவது எழுதுங்கள்.

3

அவள் கேள்வி என்னை வேறொரு மேசைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தியது.

நாங்கள் காலனித் தெருக்காரர்கள். அப்பாவுக்கு முன்னால் எங்கள் வீட்டில் எல்லாரும் அடுத்தவர் நிலத்தில்தான் வேலை செய்தார்கள். அப்பா கிணறு வெட்டப் போய், செங்கல் சூளைக்குப் போய், முதல் முதலாகச் சொந்தமாக ஒரு துண்டு நிலம் வாங்கினார். ஊருக்குக் கடைசியில், காட்டை ஒட்டின நிலம். வேறு யாரும் எங்களுக்கு விற்றிருக்கவும் மாட்டார்கள். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டார். காய் பிடிக்கிற சமயத்தில் காட்டுப்பன்றிகள் குடும்பத்தோடு விருந்துக்கு வந்தன. அம்மா வீட்டிலிருந்த பழைய புடவைகளை எல்லாம் நிலத்தைச் சுற்றிக் கட்டினாள். காற்றில் புடவை படபடப்பதைப் பார்த்துப் பன்றி கொஞ்ச நாள் பயந்தது. அப்புறம் அதற்கும் அம்மாவின் புடவைகள் பழகிவிட்டன.

பக்கத்து நிலத்துக்காரர் ஊரில் பெரிய குடும்பம். பயிர்ப் பாதுகாப்புக்கென்று உரிமம் வாங்கிய ஒற்றைக்குழல் துப்பாக்கி அவர் வீட்டில் இருந்தது. தேர்தல் வந்தால் அதைத் துணியில் சுற்றி ஜீப்பில் வைத்து ஸ்டேஷனில் ஒப்படைக்கப் போவார்கள். அந்தப் போக்கைப் பார்க்கவே ஜனம் நிற்கும். எங்கள் ஊரில் துப்பாக்கி பன்றிக்காக இருந்ததில்லை, பார்க்கிறவர்களுக்காக இருந்தது.

அப்பா அதையெல்லாம் யோசிக்கவில்லை. நிலம் இருக்கிறது, பட்டா இருக்கிறது, பன்றியும் இருக்கிறது, அப்புறம் என்ன என்று அவரும் உரிமத்துக்கு எழுதிப் போட்டார். நான் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். எழுதப் படிக்கத் தெரிந்தவள் என்று என்னையும் விழுப்புரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். அந்த நாற்காலியில் இன்று வேறு யாரோ இருப்பார்.

அன்று அதில் இருந்த ஆள் எங்கள் காகிதங்களைப் பார்த்துவிட்டு, அப்பாவைப் பார்த்துவிட்டு, தெருப் பெயரை இன்னொரு முறை பார்த்தார்.

"ஏம்பா, உனக்கு எதுக்குத் துப்பாக்கி?"

"பன்னி வருதுங்க. மல்லாட்டையைத் தோண்டிப் போட்டுடுதுங்க."

"பன்னிதான வருது? உங்க தெருவுல துப்பாக்கி வந்தா ஊர்ல மத்தவன் தூங்க வேணாமா?"

பக்கத்து மேசையில் சிரித்தார்கள். அப்பாவும் கூடவே சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால் இன்றும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அது மறுத்தவரைச் சங்கடப்படுத்தக் கூடாது என்பதற்காகச் சிரித்த சிரிப்பு.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அப்பா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தார். கெடார் நெருங்கும்போது என் பக்கம் திரும்பினார்.

"வுடும்மா. துப்பாக்கி இல்லன்னா இன்னா, தொண்டை இருக்குது."

அன்று பொழுது சாயும் நேரத்திலிருந்து அவர் தொண்டைதான் எங்கள் பயிர்ப் பாதுகாப்பு. வரப்பில் நின்றுகொண்டு அடி வயிற்றிலிருந்து "ஓ...ய்!" என்று அவர் போடுகிற சத்தம் அடுத்த ஊர் வரை கேட்கும். நானும் கூட நின்று கத்துவேன். எங்கள் மல்லாட்டையில் பாதிக்கு மேல் அந்தச் சத்தத்தால்தான் வீடு வந்து சேர்ந்தது. அதில்தான் நான் படித்தேன்.

ஆகவே என் விண்ணப்பத்தைத் தபாலில் போட்ட அன்று எனக்குக் குழுத் தலைவர் பதவி மட்டும் நினைவில் இல்லை. அப்பாவிடம் நான் எதையும் சொல்லவில்லை. கிடைக்காவிட்டால் இன்னொரு முறை அந்தச் சிரிப்பைப் பார்க்க வேண்டியிருக்கும். கிடைத்துவிட்டால், உனக்குத் தராததை எனக்குத் தந்தார்கள் என்று பெற்றவரிடம் எந்த முகத்தோடு சொல்வது?

கிடைத்தது. யாரும் தெருப் பெயரைக் கேட்கவில்லை.

4

உரிமம் கிடைத்ததும் என்ன துப்பாக்கி என்ற விவாதம் ஆரம்பமானது. நம் ஊரில் ஒருவர் பைக் வாங்கப் போகிறேன் என்று டீக்கடையில் வாய் தவறிச் சொல்லிவிட்டால் என்ன ஆகும்? அதேதான் இங்கேயும். அலுவலகத்தில் ஆளுக்கொரு கட்சி.

ஒருவர் கைத்துப்பாக்கிதான் என்றார். இடுப்பில் கிடக்கும், இரண்டு கையும் வேலைக்கு ஓய்வாக இருக்கும். உண்மைதான். ஆனால் அதற்கு அனுமதி வாங்குவது தனித் தவம். அதோடு பயந்து நடுங்குகிற கையில் அவ்வளவு சின்னக் குழல் எங்கே பார்க்கும் என்று எனக்கே தெரியாது. இன்னொருவர் ரைஃபிள் என்றார், தொலைநோக்கி வைத்தது. அது தூரத்தில் நிற்கும் மானுக்கு. எங்கள் வேலை இருப்பது ஓடைக்கரைப் புதரில். அங்கே கரடி தெரிகிறபோதே பக்கத்தில்தான் இருக்கும். தொலைநோக்கியில் பார்த்தால் வெறும் ரோமம்தான் தெரியும்.

எல்லாரும் ஒத்துக்கொண்ட ஒன்று, முதலில் மிளகாய் நெடி ஸ்பிரே, கடைசிக் கடைசியாகத்தான் துப்பாக்கி. எங்கள் குழுவில் எமிலி என்று ஓர் உயிரியல்காரி உண்டு. "ஸ்பிரே அடித்தால் கரடியும் பிழைக்கும், நாமும் பிழைப்போம்" என்பாள். மிளகாய் வற்றல் வறுத்த வீட்டில் பிறந்த எனக்கு அதன் அருமையை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

டக்கின் கட்சி குழல் அளவில் பன்னிரண்டாம் எண் ஷாட்கன். ஒவ்வொரு முறையும் முன்பிடியை இழுத்துத் தள்ளிச் சுடுவது. ரவைகளுக்குப் பதிலாக ஒற்றைப் பெரிய ஈயக் குண்டு. கிட்டத்தில் அதைவிட நம்பகமானது கிடையாது, மழையிலும் சேற்றிலும் மக்கர் பண்ணாது, நிறுவனமும் அதைத்தான் வைத்திருக்கிறது. யோசித்துப் பார்த்ததில் டக் சொன்னதே சரியென்று பட்டது. அதையே எடுத்தேன்.

சுடும் திடலில் முதல் நாள். பயிற்றுநர் ஒரு பெண்மணி. நரைத்த முடியை இறுக்கிப் பின்னியிருப்பார், குரல் உயராது. துப்பாக்கியை என் கையில் கொடுத்தார். நான் வாங்கினேன். வாங்கினதும் என்ன செய்தேன் தெரியுமா? நீங்கள் என்ன செய்வீர்களோ அதைத்தான். புதுக் கருவி கைக்கு வந்தால் கண்ணில் ஒற்றிக்கொள்வோம் இல்லையா? அரிவாளானாலும் புத்தகமானாலும் ஸ்கூட்டர் சாவியானாலும். நான் துப்பாக்கியை இரண்டு கையாலும் தூக்கி, தலையைக் குனிந்து, கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். குழல் என்னையும் பார்த்துவிட்டு வரிசையில் நின்றவர்களையும் ஒரு சுற்றுப் பார்த்தது.

"நிறுத்து!" உயராத குரல் உயர்ந்தது. வரிசையே தரையில் குந்திவிட்டது. துப்பாக்கி காலிதான், ஆனாலும் குழல் ஆளைப் பார்க்கக் கூடாது என்பது முதல் விதி. அன்றைய நாள் அத்தோடு எனக்கு முடிந்தது. முத்தம் கொடுக்கப் போனேன் என்று மறுநாள் அலுவலகம் முழுக்கச் செய்தி பரவியிருந்தது. எனக்கு அவமானத்தில் காதெல்லாம் சூடாகிவிட்டது.

விதிகளைக் கற்றுக்கொண்டேன். சுடுவதுதான் வரவில்லை. தேர்வில், சறுக்குப் பலகையில் கட்டிய கரடிப் படம் ஒன்று கம்பி இழுக்க நம்மை நோக்கி ஓடி வரும். அது வந்து சேர்வதற்குள் குண்டுகள் வட்டத்துக்குள் பாய வேண்டும். நான் சுட்டேன், துப்பாக்கி என்னை உதைத்தது. தோள் கத்திரிப்பூ நிறத்துக்குக் கன்றிப்போனது. அடுத்த உதைக்குப் பயந்து விசையை இழுக்கும்போதே கண் மூடிக்கொண்டது. கரடிப் படம் ஒரு கீறலும் இல்லாமல் என் காலடிக்கு வந்து நின்றது. முதல் தேர்வில் தோல்வி. டக் தோளைத் தட்டினார், கன்றிப்போன தோளையே பார்த்து. "எல்லாருக்கும் எல்லாம் வராது, எலுமலை. ஆய்வகம் மோசமான இடமில்லை."

வீட்டுக்கு வந்து அழுதேன். தோள் வலிக்காக அழவில்லை. எத்தனை ஆபீஸ், எத்தனை கையெழுத்து தாண்டி வந்து, கடைசியில் அதே இடத்தில் நிற்கிறேனே என்று. இந்த முறை மறுக்க ஓர் ஆளும் இல்லை, என் உடம்புதான் மறுக்கிறது.

மறுநாள் மாலை பின் தோட்டத்தில் களை பறித்துக்கொண்டிருந்தேன். கடையில் வாங்கிய களைக்கொட்டு. பிடி நீளம். மணிக்கட்டு வலிக்க, எங்கள் வீட்டுப் பழக்கத்தில் கை தானாக அளந்து பார்த்தது. எங்கள் வீட்டில் அவரவர் களைக்கொட்டு அவரவருக்குத்தான். பிடியின் அடியை முழங்கை மடிப்பில் வைத்தால் விரல் நுனி இரும்பைத் தொட வேண்டும். தொடவில்லை என்றால் பிடியை அறுத்துவிடுவார்கள். அம்மாவுடையது எனக்கு நீளம், என்னுடையது தங்கைக்கு நீளம். பிடி சரியில்லாத கொட்டால் மல்லாட்டைக்குக் களை வெட்டினால் களை நிற்கும், செடி போகும்.

களைக்கொட்டைக் கீழே போட்டேன்.

எத்தனை பேர் எத்தனை நாள் விவாதித்தோம்! எந்த எண், எந்தக் குண்டு, எந்தக் கம்பெனி. ஒருவராவது என் கை எவ்வளவு நீளம் என்று கேட்டோமா? நானே கேட்கவில்லையே! நிறுவனத்தின் துப்பாக்கிகள் எல்லாம் டக் மாதிரி ஆட்களுக்குச் செய்தவை.

அடுத்த பயிற்சி நாளில், குழலைத் திடலைப் பார்க்க வைத்து, காலியான துப்பாக்கியின், தோளில் பதியும் பின்கட்டையை என் முழங்கை மடிப்பில் வைத்தேன். விரல் விசைக்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை. பயிற்றுநர் பார்த்துக்கொண்டே வந்தார்.

"இதை உனக்கு யார் சொன்னது?"

"எங்கள் வீட்டில் களையெடுக்கும் கருவிக்கு இப்படித்தான் அளப்போம்."

"துப்பாக்கிக்கும் இப்படித்தான் அளக்க வேண்டும். உன் ஆபீஸில் யாரும் அளக்கவில்லையா?" என்றார். பிறகு அவரே தலையை ஆட்டிக்கொண்டார்.

டக்கிடம் போனேன். எண்ணை மாற்ற வேண்டாம், குண்டை மாற்ற வேண்டாம், பின்கட்டையை மட்டும் எனக்கு அறுத்துத் தாருங்கள் என்றேன். பிள்ளைகளுக்கு விற்கும் அளவாகிவிடுமே என்று யாரோ சிரித்தார்கள். "ஆமாம், அந்த அளவுதான் நானும்" என்றேன். இந்த முறை கூடச் சேர்ந்து நான் சிரிக்கவில்லை. சிரித்தவர்தான் நிறுத்திக்கொண்டார்.

5

குட்டைக் கட்டை தோளில் வந்து பொருந்தியபோதே தெரிந்துவிட்டது. கன்னம் தானாகக் கட்டையில் படிந்தது. உதை அதேதான், ஆனால் எலும்பில் விழவில்லை, சதையில் விழுந்தது. கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ள முடிந்தது. இரண்டாவது தேர்வில் கரடிப் படம் பாதித் தூரம் வருவதற்குள் குண்டுகள் எல்லாம் வட்டத்துக்குள். பயிற்றுநர் படத்தை அவிழ்த்து எடுத்துவந்து என்னிடமே கொடுத்தார். வீட்டில் ஒட்டிக்கொள் என்றார். இலக்கியா இருக்கும் வீட்டில் அதை ஒட்டுவதா? ஆபீஸில் டக்கின் கதவில் ஒட்டினேன்.

இப்போது ஒவ்வொரு காலையிலும் துப்பாக்கியை எடுக்கும்போது, திறந்து காலி என்று பார்த்து, குழலைத் தரைக்குக் காட்டி, கட்டையை விரலால் தொட்டு, விரலை மட்டும் கண்ணில் ஒற்றிக்கொள்வேன். விதியும் கெடவில்லை, வழக்கமும் கெடவில்லை. எமிலியும் அப்படியே செய்கிறாள். ஏன் என்று அவள் கேட்டதில்லை.

அந்த ஆகஸ்டில், நான் தலைவியாக முன்னால் நடந்த முதல் கோடையில், அது வந்தது.

பிற்பகல். ஓடையில் எமிலி குனிந்து புட்டியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் கரையில் நின்று புதரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். புதர் அசைந்தது, காற்று இல்லை. தோளில் திமில் வைத்த பழுப்புக் கரடி, இளசு, வெளியே வந்து எங்களைப் பார்த்தது. கோபமெல்லாம் இல்லை. இது என்ன, சாப்பிடலாமா என்று பார்க்க வருகிற பார்வை. பன்றி மல்லாட்டை நிலத்தைப் பார்க்கிற பார்வை எனக்குத் தெரியாதா?

"எமிலி, என் பின்னால் வா. ஓடாதே. ஸ்பிரேயை எடு" என்றேன். எடுத்தாள். துப்பாக்கி தோளுக்கு வந்தது, கன்னம் படிந்தது, விரல் விசைக்கு வெளியே நின்றது. கரடி ஓர் அடி எடுத்து வைத்தது. இன்னும் ஓர் அடி. ஆங்கிலத்தில் என்னென்ன சத்தமிட வேண்டும் என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஒரு வார்த்தை நினைவுக்கு வரவில்லை.

"ஓ...ய்! போடா அந்தாண்ட! இன்னாடா பாக்குற? ஓடு! ஜல்தியா ஓடு! ஓ...ய்!"

என் குரல் இல்லை அது. வரப்பில் நின்ற அப்பாவின் குரல். அந்தப் பள்ளத்தாக்கின் இரண்டு பக்கத்து மலையும் அதை வாங்கித் திருப்பிக் கொடுத்தது. கரடி நின்றது. பின்னங்காலில் எழுந்து மூக்கைத் தூக்கிப் பார்த்தது. நான் மறுபடியும் போட்டேன் ஒரு சத்தம், அடி வயிற்றிலிருந்து. அது கீழே இறங்கி, திரும்பி, மானம் கெட்டுப்போனவன் நடக்கிற மாதிரி ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்காமல் புதருக்குள் போய்விட்டது. ஸ்பிரேகூடத் தேவைப்படவில்லை.

துப்பாக்கி தோளில் இல்லாவிட்டால் அப்படிக் கத்தியிருப்பேனா? மாட்டேன். ஓடியிருப்பேன், ஓடினால் அது துரத்தியிருக்கும். கையில் பொருந்தின துப்பாக்கி இருந்ததால் கால் நின்றது, கால் நின்றதால் தொண்டை திறந்தது. இலக்கியாவின் கேள்விக்கு அன்றுதான் எனக்குப் பதில் கிடைத்தது. வீட்டுக்கு வந்து அதே சத்தத்தைப் போட்டுக் காட்டிவிட்டு, எல்லாக் குண்டும் அப்படியே இருக்கிறது என்று காட்டினேன். எண்ணிப் பார்த்துவிட்டுக் கட்டிக்கொண்டாள்.

இன்று எங்கள் நிறுவனத்தில் எல்லாக் குழுவும் காட்டுக்குள் நுழையும்போது "ஓ...ய்!" என்றுதான் கத்துகிறது. எமிலி பரப்பிவிட்டாள். டக்கும் அப்படித்தான். துப்பாக்கிகளும் மூன்று அளவுக் கட்டையில் இருக்கின்றன, புதிதாக வருகிறவரை முதலில் முழங்கையை மடக்கச் சொல்கிறோம்.

6

இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போனோம். அட்டை புதுப்பிக்க எழுதிப் போட்டுவிட்டு, பழையதைப் பர்ஸிலேயே வைத்திருந்தேன். சேகர் திண்டிவனத்தில் அவர் அம்மாவோடு இருந்தார். நானும் இலக்கியாவும் கெடாரில்.

பதின்மூன்று வயது ஆகிவிட்டது அவளுக்கு. தமிழ் புரியும், பேச வராது, வந்தாலும் கூச்சம். ஆனால் மல்லாட்டை நிலத்தைச் சுற்றிக் கட்டிய புடவைகளைப் பார்த்ததும் அவளுக்கு உற்சாகம். இது எதற்கு என்று கேட்டாள். பன்றிக்கு என்று அம்மா சொன்னாள். பொழுது சாய்ந்ததும் அப்பா வரப்பில் நின்று சத்தம் கொடுத்தார். வயதானதில் குரல் கொஞ்சம் உடைந்திருக்கிறது, ஆனாலும் அதே சத்தம்.

இலக்கியா என்னைத் திரும்பிப் பார்த்தாள். கண் விரிந்திருந்தது. பிறகு அவரைப் பார்த்து, வார்த்தை வார்த்தையாகத் தேடி எடுத்துச் சொன்னாள்:

"தாத்தா, இது... அம்மா சத்தம். அம்மா கரடிக்கு இப்படித்தான் கத்துவா. அம்மாகிட்ட கன் இருக்கு. லைசென்ஸ் இருக்கு."

அப்பா என் பக்கம் திரும்பினார். "இன்னாம்மா சொல்லுது புள்ள?"

இனி மறைக்க முடியாது. பர்ஸைத் திறந்து அட்டையை எடுத்துக் கொடுத்தேன்.

அப்பா அதை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார். அவருக்கு ஆங்கிலத்தில் ஒரே ஒரு வார்த்தைதான் படிக்க வரும். கரண்ட் பில்லில், ஆதார் அட்டையில், பேங்க் பாஸ்புக்கில் பார்த்துப் பார்த்துப் பழகிய வார்த்தை. அட்டையில் அந்த வார்த்தைதான் பெரிய எழுத்தில் மேலே இருந்தது. என் பெயர் அதற்குக் கீழே, சின்னதாக.

விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுப் படித்தார். "ஏ...ழு...மலை." நிமிர்ந்தார். "இது என் பேராச்சே."

"ஆமாம்பா. அங்க எனக்கு உங்க பேருதான். துப்பாக்கியும் உங்க பேர்லதான் குடுத்துக்கீறாங்க."

"யாரும் ஒண்ணும் கேக்கலியா?"

"நெறைய கேட்டாங்கப்பா. எந்தத் தெருன்னு மட்டும் கேக்கல."

அப்பா சிரித்தார். விழுப்புரத்தில் சிரித்த சிரிப்பு இல்லை. வாயைத் திறந்து, பல் போன இடமெல்லாம் தெரிய, தோள் குலுங்கச் சிரித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது, இலக்கியா ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் அட்டையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார், ஒரு கண், பிறகு இன்னொரு கண்.

அப்புறம் வரப்பின் அந்தப் பக்கம் புடவை ஒன்றை முடிந்துகொண்டிருந்த அம்மாவைப் பார்த்து, பன்றி விரட்டுகிற அதே குரலில், அடுத்த ஊர் வரை கேட்கிற மாதிரிக் கத்தினார்:

"ஏய்! லைசென்ஸு வந்துடுச்சி!"

அட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு டீக்கடைக்கு நடந்தார். பேத்தியும் கூடவே நடந்தாள். கனடாவுக்குக் கிளம்பும் நாள்வரை கேட்டுப் பார்த்தேன், திருப்பித் தரவே இல்லை.